பாகுப் பதம், தோல் பதம், ராக்கெட் பதம்

போன சித்திரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி சிமெண்ட் தொட்டி கசிய ஆரம்பித்தது. இடித்துக் கட்டுவதைவிட உள்ளே ஃபைபர் அடித்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைப் பாய் போன்ற கண்ணாடி நார்ச் சுருள், ஒரு கேன் ரெசின், இரண்டு சின்ன பாட்டில், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு பிரஷ். அவ்வளவுதான் அவர் கொண்டுவந்த சாமான்.

ரெசினில் ஒரு பாட்டிலிலிருந்து ஊதா நிறத் திரவத்தைக் கலந்துகொண்டார். அது கோபால்ட், வேகம் கூட்டுவது. மற்ற பாட்டிலில் இருப்பது கேட்டலிஸ்ட், அதை மூடியால் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த ரெசினில் விடுவார். அப்படிக் கலந்ததைப் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் பூசி முடித்துவிட வேண்டும். இந்த இரண்டு பாட்டிலையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும் என்று அவரே எனக்குச் சொன்னார். தொழில் தெரிந்த மனிதர்.

தெரியாதவன் நான். மறுநாள் வீட்டில் விசேஷம். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுங்க, ராத்திரி தண்ணி விடணும்" என்று மூன்று முறை மாடி ஏறிச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் பதில் சொல்லவில்லை. மீதி இருந்த நான்கு கிலோ ரெசினையும் ஒரே வாளியில் ஊற்றி, மூடியை எண்ணாமல் கேட்டலிஸ்டைக் கவிழ்த்தார். மணி இரண்டு. நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து நிமிடத்தில் வாளியில் இருந்தது தேன் மாதிரி ஆனது. எட்டாவது நிமிடம் அல்வா மாதிரி. அப்புறம் மூக்கைத் துளைக்கும் நாற்றம், வெள்ளைப் புகை. வாளி இளகிச் சாய, அதைத் தூக்கி ஓரம் வைக்கப் போனவரின் மணிக்கட்டில் அது பட்டது. நான்கு அங்குலத்துக்குத் தோல் வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன், செலவை ஏற்றுக்கொண்டேன். அவர் "பரவாயில்லை சார், தொழில்ல சகஜம்" என்றார். சகஜம் என்று என்னால் விட முடியவில்லை. அவரை அவசரப்படுத்தியது என் வாய். ஒரு வாளி பிசின் அடுப்பே இல்லாமல் எப்படிக் கொதிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தத் தேடலில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் வாளி விஷயம். ரெசின் என்பது தனித்தனியாகத் திரியும் நீள மூலக்கூறுகளின் கூட்டம். கேட்டலிஸ்ட் விழுந்ததும் அவை ஒன்றன் கையை ஒன்று பிடிக்கத் தொடங்குகின்றன. ஒவ்வொரு பிடிப்பிலும் கொஞ்சம் சூடு வெளியே வருகிறது. சூடு ஏறினால் கை பிடிக்கும் வேகம் ஏறும். வேகம் ஏறினால் சூடு இன்னும் ஏறும். சுவரில் மெல்லிய பூச்சாக இருந்தால் அந்தச் சூடு காற்றோடும் சுவரோடும் போய்விடும். வாளியில் குவியலாக இருந்தால் நடுவில் இருப்பதற்குப் போக வழியில்லை. தட்டில் ஊற்றிய காப்பி ஆறிவிடும், சொம்பில் இருப்பது ஆறாது. அதே கதைதான். இந்த அவசரத்தில் வாளியின் நடுப்பகுதி 150 டிகிரியைத் தாண்டுவதும் உண்டாம். 1889-லேயே ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் வெப்பத்துக்கும் வினையின் வேகத்துக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதிவிட்டார். பொதுவாக 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். குளிர்காலக் காலைக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் இடையே நம் ஊரில் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம். மார்கழியில் சரியாக இருக்கும் மூடி அளவு சித்திரையில் நான்கு மடங்கு ஆட்டம் போடும்.

இப்படிப் பிசின் இறுகுவதை ஆங்கிலத்தில் 'க்யூர்' என்கிறார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் பின்னால் வந்த மொழி. பிரெஞ்சில் 'க்யுரே' என்றால் பங்குச் சாமியார். அதனால் இந்தச் சொல்லை முதலில் பார்த்தபோது சாமியாருக்கும் பிசினுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சமையல் கணக்கில் 'க்விசோன்' என்பார்கள், அதாவது வேகவைத்தல். 'வேகவைக்க' என்பதற்குப் பிரெஞ்சில் 'க்வீர்'. தோலுக்கும் பிரெஞ்சில் 'க்வீர்'தான். எழுத்தில் ஒரு எழுத்து வித்தியாசம், உச்சரிப்பில் இல்லை. பள்ளியில் டிக்டேஷனில் இந்த இரண்டையும் மாற்றி எழுதி நான் அடி வாங்கியதுண்டு. வேலை கிடைத்துத் தோல் ஊருக்கே வந்து சேர்வேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

தமிழ் இன்னும் ஒரு படி மேலே. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது நம் வீட்டுப் பெண்கள் பார்ப்பது பதம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் பதம், கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, கல்லாகிவிட்டால் போயிற்று. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் நடப்பதற்குப் பெயர் தோல் பதனிடுதல். அதுவும் பதம்தான். ரெசினிலும் திரவம் கூழாகிற ஒரு கணம் இருக்கிறது. அதற்கு முன்னால் அதை வளைக்கலாம், பூசலாம், உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றலாம். அதற்குப் பின்னால் பிரம்மா வந்தாலும் முடியாது. அதற்கு முன்னோர் வைத்த சொல்லே இருக்கும்போது நாம் புதிதாக எதுவும் தேட வேண்டாம்.

ஒற்றுமை சொல்லில் மட்டும் இல்லை. பச்சைத் தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரத நார். மூன்று இழை சேர்ந்து முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு என்று 1950-களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர் ஜி.என். ராமச்சந்திரன், உடன் கோபிநாத் கர்த்தா. ஆராய்ச்சிக்கு வேண்டிய கொலாஜன் கிடைத்தது பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. பச்சைத் தோலை 60, 65 டிகிரி வெந்நீரில் போட்டால் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டைச் சாறோ குரோம் உப்போ ஊறி இந்த நார்களைக் குறுக்கே பிணைத்துவிட்டால் தாங்கும் சூடு ஏறுகிறது. குரோம் நன்றாகப் பிடித்த தோலைக் கொதிக்கும் நீரில் போட்டாலும் சுருங்காது. தோல் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்கள் இந்தக் கொதிநீர்ச் சோதனையை அறிவார்கள். ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டு, எடுத்து, முன்பு வரைந்த அளவோடு வைத்துப் பார்ப்பார்கள். ரெசின் முழுதும் இறுகியதா என்று ஆய்வகத்தில் சூடேற்றிப் பார்ப்பதும் இதே கேள்விதான்: பிணைப்பு உள்ளே வரை போயிற்றா, மேலோடு நின்றுவிட்டதா?

அவசரமும் பழைய கதைதான். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைவீரர்களுக்குப் பூட்ஸ் இல்லை. மரப்பட்டைக் குழியில் தோல் பதமாக மாதக்கணக்கு, சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அர்மான் செகென் என்ற வேதியியலாளர், 1790-களின் நடுவில், பட்டைச் சாற்றைக் கெட்டியாக இறக்கிச் சில வாரங்களில் முடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அரசாங்கம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அவர் பெரும் பணக்காரர் ஆனார்.

பிசினுக்கு வருவோம். நம் தலைமுறைக்கு முதலில் தெரிந்த செயற்கைப் பிசின் பேக்கலைட். கறுப்பு டெலிபோன், உருண்டை ஸ்விட்ச், இஸ்திரிப் பெட்டி பிளக். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1863-ல் பிறந்து அமெரிக்கா போன லியோ பேக்லண்ட் 1907-ல் அதைச் செய்தார். ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தால் கெட்டியாகும் என்பது அவருக்கு முன்பே பலருக்குத் தெரியும். சூடேற்றினால் நுரைத்துப் பொங்கிப் பஞ்சுபோல் ஆகிவிடுகிறதே என்று கைவிட்டார்கள். பேக்லண்ட் அதை மூடிய கலத்தில் அழுத்தம் கொடுத்து வேகவைத்தார். குமிழி கிளம்ப இடமில்லை. திரவம், இளகக்கூடிய திடம், இனி இளகவே இளகாத திடம் என்று மூன்று நிலைகளையும் ஏ, பி, சி என்று பெயரிட்டுப் பிரித்தார். பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று சொல்வதில்லையா, அதுபோல. அடுத்தது எபாக்ஸி. 1930-களில் சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்தான் பொய்ப்பல் கட்டுவதற்கு நல்ல பிசின் தேடப் போய் அதைக் கண்டார். சீபா நிறுவனம் அந்த உரிமையை வாங்கி 1946-ல் அரால்டைட் என்று வெளியிட்டது. இரண்டு குழாய், சரிபாதி, கலந்து ஒட்டி ஒரு ராத்திரி விடு. உடைந்த சாமி பொம்மையிலிருந்து செருப்பு வார் வரை ஒட்டியிருக்கிறோம். 'ஒரு ராத்திரி' என்று அட்டையில் போட்டிருப்பதை மதித்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இதே எபாக்ஸி குடும்பம் நம் நாட்டில் ராக்கெட்டுக்குள் போன கதைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காரணம், அதில் திரும்பின பக்கமெல்லாம் பிரெஞ்சு வாசனை.

1963 நவம்பர் 21-ம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது, உள்ளே வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. பிறகு சாந்தோர் என்ற பிரெஞ்சு ராக்கெட்டை உரிமம் பெற்று இங்கேயே செய்தார்கள். 1966-ல் தும்பாவுக்கு வந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் எடுத்த படம் உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்: சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் மூக்கை வைத்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போவார்கள். அதில் ஒருவர் சி.ஆர். சத்யா, மற்றவர் வேலப்பன் நாயர். இந்த சத்யாதான் அப்துல் கலாமின் கண்ணாடி நார்க் குழுவில் இருந்தவர்.

'அக்கினிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்திரா காந்தி தும்பாவுக்கு வந்தபோது, இவர்களின் ஆய்வகத்தில் நாட்டின் முதல் நார் சுற்றும் இயந்திரத்தைத் தொடங்கிவைத்தார் என்று கலாம் எழுதுகிறார். எங்கள் மாடியில் பிரஷ்ஷால் செய்த வேலையை அந்த இயந்திரம் கணக்காகச் செய்யும். நார் முதலில் பிசின் தொட்டியில் முழுகி எழும். பிறகு சுழலும் அச்சின் மேல், பட்டம் விடும் நூல்கண்டு போல, குறித்த கோணத்தில் இழுவை குறையாமல் சுற்றிக்கொண்டே போகும். சுற்றி முடித்ததும் சூளை. சூளையிலும் அச்சைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இளகிய பிசின் அடிப்பக்கம் இறங்கிவிடும். இறுகியதும் அச்சைக் கழற்றினால் கூடு. அதற்குள் எரிபொருள் எரியும்போது வளிமண்டலத்தைப் போல் பல பத்து மடங்கு அழுத்தம். இடையில் ஒரு குமிழி, ஒரு வேகாத இடம் இருந்தால் அங்கே கிழியும்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, எஃகிலேயே செய்யலாமே? கீழ்க் கட்டங்களை எஃகில்தான் செய்தார்கள். அந்த எஃகின் பெயர் 15சிடிவி6. அதுவே ஒரு பிரெஞ்சுக் குறியீடு: சி குரோமியம், வி வனேடியம், டி என்பது அவர்கள் வழக்கப்படி மாலிப்டினம். மேல்கட்டத்தின் கணக்கு வேறு. கடைசிக் கட்டத்தின் கூடு செயற்கைக்கோளோடு சேர்ந்து சுற்றுப்பாதை வரை போகிறது. அதில் கூடும் ஒவ்வொரு கிலோவும் செயற்கைக்கோளில் ஒரு கிலோவைத் தின்னும். எஸ்எல்வி-3 தூக்கிய ரோகிணியின் எடையே 35 கிலோதான். கூட்டில் ஐந்து கிலோ அதிகமானால் ஏழில் ஒரு பங்கு போச்சு.

இந்த நான்காம் கட்டத்துக்குப் பிரெஞ்சுக்காரர்களும் ஆசைப்பட்டார்கள். 1965 நவம்பரில் டயமான் ராக்கெட்டால் சொந்தச் செயற்கைக்கோளை ஏற்றிய மூன்றாவது நாடு பிரான்ஸ். புதிய டயமானின் மேல்கட்டமாக நம்முடையதையே பொருத்தலாம் என்று பேச்சு. அதற்காக 400 மில்லிமீட்டர் விட்டம், 250 கிலோ என்று இருந்த திட்டத்தை 650 மில்லிமீட்டர், 600 கிலோ என்று மாற்றினார்கள் என்கிறார் கலாம். கூடு பெரிதானால் இயந்திரம், அச்சு, சூளை, வேகவைக்கும் நேரம் எல்லாமே மாறும். பெரிய பாத்திரத்தில் பாகு காய்ச்சினால் சின்னப் பாத்திரத்து நேரக் கணக்கு உதவாது. இரண்டு வருஷம் உழைத்து ஒப்படைக்கப் போகிற நேரத்தில் பிரான்ஸ் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கடைசி டயமான் 1975 செப்டம்பரில் பறந்தது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்யும் அரியான் வந்துவிட்டது, பழையதற்கு எதற்குச் செலவு என்ற கணக்கு. என் பிரெஞ்சு ஆசிரியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இதைப் படித்தபோது, விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் பூட்டுப் போட்டவன் நினைவுதான் வந்தது.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்எல்வி-3 கடலில் விழுந்தது. அதற்குக் காரணம் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு, நார்க் கூடு இல்லை. 1980 ஜூலை 18 காலை ரோகிணி சுற்றுப்பாதையில் ஏறியது. அடுத்த ஆண்டு இன்னொரு வேடிக்கை. ஆப்பிள் என்ற நம் செய்தித் தொடர்புச் செயற்கைக்கோளை 1981 ஜூன் 19-ல் அரியான் ராக்கெட் தூக்கிக்கொண்டு போனது. கட்டை வண்டியில் மாடு பூட்டி ஏற்றிச் சோதனைக்குக் கொண்டுபோன அதே ஆப்பிள். நீள்வட்டப் பாதையிலிருந்து அதை நிலைப் பாதைக்குத் தள்ளிய உச்சி மோட்டார் எஸ்எல்வி-3-ன் நான்காம் கட்டத்திலிருந்து பிறந்தது. டயமானுக்குக் கிடைக்காமல் போனதன் வாரிசு, டயமானை ஒழித்த அரியானின் தலையில் ஏறியே போனது.

ஏவிய இடம் கூரூ, பிரெஞ்சு கயானா. எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பெயர் கேட்டால் வேறு ஒன்று தோன்றும். 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கும் தங்கச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றிய ஊர்களில் கயானாவும் ஒன்று. அங்கே சாவு மிகுந்துபோனதால் 1870-களில் பிரிட்டிஷ் அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தும்படி ஆயிற்று. ஆப்பிள் செய்தியை ரேடியோவில் கேட்டபோது நான் அதைத்தான் முதலில் நினைத்தேன்.

அந்தக் காலத்தில் வேகவைக்கும் நேரமும் சூடும் பெரும்பாலும் அனுபவத்தில் வந்தவை. செய்துபார், வெட்டிப்பார், மாற்று. கணக்கு பின்னால் வந்தது. 1973-ல் கனடாவின் மொன்ரெயாலில் கமால், சூரூர் என்ற இருவர் பிசின் இறுகும் வேகத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். அதை எனக்கு விளக்கிய பேரனுக்கு நான் திருப்பிச் சொன்ன உதாரணம் ஆபீஸ் வதந்தி. டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வந்துவிட்டது என்று முதலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், மெதுவாகப் பரவும். பாதிப் பேருக்குத் தெரிந்தபின் காட்டுத்தீ. எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் சொல்ல ஆளில்லை, அடங்கிவிடும். பிசினும் அப்படியே: மெல்லத் தொடங்கி, நடுவில் பாய்ந்து, கடைசியில் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கடைசி இழுவையில் பொறுமை இழந்தால் வேலை அரைவேக்காடு.

1983-ல் அமெரிக்காவில் லூஸ், ஸ்பிரிங்கர் இருவரும் இன்னும் மேலே போனார்கள். நார் அடுக்கின் நடுவில் என்ன சூடு, எப்போது பிசின் மிகவும் தண்ணியாகும், எந்த நிமிடம் அழுத்தம் கொடுத்தால் மிகுதிப் பிசினும் காற்றும் வெளியேறும் என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துக் கணினியில் ஓட்டினார்கள். அதிலிருந்து வருகிற வழக்கம் இது: சூட்டை ஒரே மூச்சாக ஏற்றாதே. பாதியில் ஒரு இடத்தில் நிறுத்து. நடுப்பகுதியின் சொந்தச் சூடு அடங்கட்டும். பிசின் கூழாகுமுன் அழுத்து. பிறகு ஏற்று. இறக்கும்போதும் மெதுவாக இறக்கு, இல்லாவிட்டால் ஒருபக்கம் காய்ந்த அப்பளம் போல வளைந்துவிடும்.

பெங்களூரில் தேசிய வானூர்தி ஆய்வகம் தேஜஸ் விமானத்துக்குச் செய்த கார்பன் நார் பாகங்கள் இந்த வழியில் வந்தவைதான். தோலையும் உள் விலா எலும்புகளையும் தனித்தனியே வேகவைத்து ஆணி அடிக்காமல், பச்சையாகவே சேர்த்து வைத்து ஒரே அழுத்தச் சூளையில் ஒன்றாக வேகவைக்கும் முறையில் அவர்கள் கைதேர்ந்தார்கள். பல பாகம் ஒன்றாகும்போது ஆணியும் குறையும், எடையும் குறையும். பிழைத்தால் மட்டும் எல்லாம் சேர்ந்து போகும். 2001 ஜனவரி 4-ல் தேஜஸ் முதலில் பறந்தது. அதன் எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு இப்படிப்பட்ட நார்ப் பிசின் பொருள் என்கிறார்கள். பேக்லண்டின் மூடிய கலம் அறை அளவு வளர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

ராக்கெட்டுக்கும் விமானத்துக்கும் கிடைத்த இந்தக் கணக்கெல்லாம் மூடியால் அளக்கிறவர் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்குக் குறை. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள். ஊருக்கு ஊர் ஃபைபர் கதவு, தொட்டி, கூரை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கண்ணாடி போட்டு வேலை செய்கிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பாட்டிலின் மேல் தமிழில் நான்கு வரி எச்சரிக்கை அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த ஆண்டு மாசியில் தொட்டியின் மூடிக்கும் ஃபைபர் போட அவரையே கூப்பிட்டேன். மணிக்கட்டுத் தழும்பு வெளுத்துப்போய், பளபளவென்று, இறுகிய பிசின் மாதிரியே இருந்தது. காலை ஆறரைக்கு வந்துவிட்டார். என் பேரன் வாங்கிக்கொடுத்த சின்னத் தராசையும் பழைய காய்ச்சல் மருந்தின் அளவுக் குப்பியையும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, அரை கிலோ ரெசினை மட்டும் நிறுத்து எடுத்தார். குப்பியில் கேட்டலிஸ்டை ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னிக்கு வீட்ல விசேஷம் ஒண்ணும் இல்லையே சார்?"

இல்லை என்றேன். கீழே இறங்கி வந்துவிட்டேன்.